நூற்று எண்பத்தெட்டாவது கும்பிடு

எங்கள் குடியிருப்பில் ஒரு ரோஜாச் செடிகூட இருந்ததில்லை. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆறு பிளாக், இருநூற்று எண்பத்தெட்டு வீடு, ஒரு மோட்டார் ரூம். பச்சை என்று கண்ணில் பட்டது பெயின்ட் டப்பாவில் எதிர்வீட்டுச் சரோஜா வளர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒன்றுதான். அதையும் ஒரு ஆடு வந்து பார்த்துக்கொண்டது. ஆனால் இன்றைக்கு நீங்கள் பழங்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் ஒவ்வொரு படிக்கட்டின் ஓரத்திலும் ரோஜாப் பாத்தி இருக்கும். பனித்துளியோடு இருக்கும். பி பிளாக்குக்குப் பின்னால், செப்டிக் டேங்க் இருந்த இடத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன் உதிக்கும்.

காரணம் எளிது. அஞ்சுகம் நகர் குடியிருப்பை இடித்துப் பன்னிரண்டு வருடமாகிறது. அந்த இடத்தில் முப்பத்து நான்கு மாடிக் கோபுரம் ஒன்றைக் கட்டி எங்களை மேலே ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பத்தொன்பதாவது மாடி. கீழே பூங்காவில் 'மரபு நினைவகம்' என்று ஓர் அறை. அங்கே கொடுக்கும் கண்ணாடியை மாட்டினால் பழைய குடியிருப்பு அப்படியே எழுந்து நிற்கும். உள்ளே நடக்கலாம், ஆட்களைப் பார்க்கலாம், தேதி சொன்னால் அந்தத் தேதிக்கே போகலாம். இதையெல்லாம் இயந்திரம் எதிலிருந்து கட்டியது? எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து. நாற்பது வருடச் செய்திகள். அதில் பாதி, காலை வணக்கம் எழுதிய ரோஜாப்பூ. இயந்திரத்துக்கு என்ன தெரியும், பாவம். இத்தனை பேர் இத்தனை வருடம் ரோஜாவையே காட்டியிருக்கிறார்களே, ஏதோ தோட்டக்காரர்கள் குடியிருப்பு போலிருக்கிறது என்று நினைத்துவிட்டது.

நானும் முதலில் சிரித்தேன்தான். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் போய்விடுவேன். பொய் ரோஜாவைத் தாண்டிப் போனால் உண்மையான சாமான்கள் நிறைய இருக்கின்றன. விடியற்காலையில் பால் பாக்கெட் வாசலில் 'தொப்'பென்று விழும் சத்தம். கொசு மட்டையில் பொரியும் 'சடசட'. எட்டு மணிக்கு நாற்பத்தெட்டு வீட்டிலும் ஒரே சீரியல் பாட்டு ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டே அடுத்த வீட்டு டிவியில் கதை கேட்கலாம். தண்ணீர் வரிசையில் குடத்துக்குப் பதிலாக இடம்பிடித்து நிற்கும் செங்கற்கள். எந்தச் செங்கல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது பத்தொன்பதாவது மாடியில் குழாயைத் தொட்டால் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரி பெயர்தான் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள எனக்கே எட்டு மாதம் ஆயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். காட்டன் புடவை, தோளில் பை, நெற்றியில் வியர்வை.

"சி பிளாக் அம்சவேணி ஆன்ட்டிதானே?"

சி பிளாக் என்று என்னைக் கூப்பிட்டே பல வருடமாயிற்று. மனது குளிர்ந்து, "ஆமாம்மா, நீ யாரு பொண்ணு?" என்றேன்.

"மோட்டார் தணிகாசலம் பொண்ணு. யுவராணி."

குளிர்ந்த மனது அங்கேயே உறைந்துபோயிற்று.

தணிகாசலம் எங்கள் ஆறு பிளாக்குக்கும் தண்ணீர் விடுகிறவர். மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். காதில் பீடி, கையில் பெரிய ஸ்பேனர், வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டிய இடது செருப்பு. எந்த பிளாக்குக்கு எவ்வளவு நேரம் என்பதில் எனக்கும் அவருக்கும் தினமும் தகராறு. "இன்னாமா அம்சா, உன் ஒரு பிளாக்குக்கு ஏரியவே திருப்பி வுடணுமா?" என்பார். நான் உடனே வீட்டுக்குப் போய்க் குழுவில் போடுவேன்: இன்றைக்கு மோட்டார் தணிகாசலம் பத்து நிமிஷம் முன்னாடியே வால்வை மூடிட்டார், பீடி பிடிக்கப் போயிட்டார், செருப்பில் தண்ணி ரொம்பின வாத்து மாதிரி நடக்கிறார். இப்படி ஆயிரம் செய்தி இருக்கும்.

யுவராணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "என் பொண்ணு ஏழாவது படிக்குது ஆன்ட்டி. ஸ்கூல்ல மரபு நடைன்னு இங்க கூட்டினு வந்தாங்க. மழை வெள்ளம் வந்த நாளைக் காட்டினாங்களாம். மோட்டார் ரூமைப் பூட்டிட்டு ஒருத்தர் பொண்டாட்டி புள்ளையோட, மூட்டையோட வெளிய போறாராம். 'ஏரி திறப்பதை அறிந்தும் யாரிடமும் சொல்லாமல் தப்பிச் சென்ற தணிகாசலம்'னு குரல் சொல்லுதாம். வூட்டுக்கு வந்து கேக்குறா, அம்மா, அது நம்ம தாத்தா பேருதானே?"

நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

"அதைப் போட்டது நீங்கதானே ஆன்ட்டி?"

நான்தான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய மழை. காலை பதினொரு மணிக்கு மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் தணிகாசலம் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, மகளைத் தோளில் உட்கார வைத்து, இரண்டு மூட்டையோடு கேட்டைத் தாண்டிப் போனார். கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். குழுவில் போட்டது கொஞ்சம் கூட: 'மோட்டார் தணிகாசலம் குடும்பத்தோட ஓடிட்டார். ஏரி திறக்கப் போறது நேத்தே தெரியும் அவருக்கு. மச்சான் மதகுல வேலை. நம்ம யாருக்கும் சொல்லல.' மச்சான், மதகு, நேற்று எல்லாம் என் சொந்தச் சரக்கு. வெறும் செய்தியைப் போட்டால் யார் படிப்பார்கள்?

"வாம்மா, கீழ போய் அந்தப் பையன்கிட்டயே சொல்லிடலாம். நான் போட்டேன், நானே எடுத்துடறேன்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

மரபு நினைவகத்தின் பொறுப்பாளர் ஆல்வின். முப்பது வயது, தாடி, எதைக் கேட்டாலும் "பார்க்கலாம் மேடம்" என்கிற வாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"மேடம், நீங்க போட்டதுனால மட்டும் அது வரலாறாகல. சாட்சி இருக்கு. நூத்து எண்பத்தேழு பேர்."

"சாட்சியா? எவன் பார்த்தான்?"

"கீழ பாருங்க. நூத்து எண்பத்தேழு கும்பிடு, கைகூப்புற பொம்மை. ஒரு செய்திக்குக் கீழ கும்பிடு போட்டா, 'ஆமாம், எனக்கும் தெரியும்'னு இயந்திரம் எடுத்துக்கும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தம்பி, எங்க குரூப்புல யாராவது செத்தாலும் கும்பிடுதான், கேஸ் சிலிண்டர் வந்தாலும் கும்பிடுதான். மழையில ஒரு வாரம் கரண்ட் இல்ல. கரண்ட் வந்ததும் எல்லாப் போனும் ஒண்ணா உயிர் வந்துச்சு. நானூறு செய்தி. எவன் படிப்பான்? மேலேருந்து கீழ வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க. பார்த்துட்டேன், பதில் சொல்லலன்னு கோச்சுக்காதீங்கன்னு அர்த்தம். எங்க ஊர் மரியாதைடா அது!"

"புரியுது மேடம். அதுக்குப் புரியாதே." ஆல்வின் தாடியைச் சொறிந்தான். "இன்னொரு வழி இருக்கு. உங்க செய்தி மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கலாம். ஒண்ணு மட்டும் முடியாது. எடுத்தா எல்லாம். முதல்ல சும்மா பார்க்கறீங்களா?"

கண்ணாடியை மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். எதிரே மோட்டார் ரூம். கதவோரத்தில் தணிகாசலம் குந்தி உட்கார்ந்து செருப்புக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். ஆல்வின் ஏதோ தட்டினான். முதலில் பீடி போயிற்று. பிறகு செருப்பு. பிறகு ஸ்பேனர். கடைசியில் குந்தியிருந்த ஒரு மங்கல் உருவம் மட்டும் மிஞ்சி, அதுவும் கரைந்துபோயிற்று. அதோடு நிற்கவில்லை. வரிசையில் இருந்த செங்கற்கள் போயின, சரோஜாவின் கன்றைத் தின்ற ஆடு போயிற்று, சீரியல் பாட்டு நின்றது. ரோஜாக்கள் மட்டும் இருந்தன.

"அவரைப் பத்தின பதிவுல தொண்ணூறு சதவீதம் உங்களோடதுதான் மேடம்," என்றான் ஆல்வின், மெதுவாக. "அவரைப் போட்டோ எடுத்தவங்க யாரும் இல்ல. திட்டினவங்க நீங்க ஒருத்தர்தான்."

"வேணாம். திருப்பிப் போடுங்க," என்றாள் யுவராணி. "சீக்கிரம் போடுங்க சார்."

தணிகாசலம் திரும்பி வந்தார். செருப்பு, பீடி, எல்லாம். யுவராணி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூஞ்சி எங்க அப்பா மூஞ்சி இல்ல," என்றாள். "ஆனா உக்கார்ற தினுசு அப்பாதான்."

ஆல்வின் கடைசியாக ஒரு வழி சொன்னான். அன்றைய நாளைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி குழுவில் வர வேண்டும். பழையதைவிட ஒரு சாட்சியாவது அதிகம் வேண்டும். அப்போது இயந்திரம் காட்சியை மாற்றிவிடும். "நூத்து எண்பத்தெட்டு. ஆனா போகி அன்னிக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குப் பதிவேட்டைப் பூட்டிடுவாங்க. அப்புறம் யாராலயும் தொட முடியாது. இன்னும் பத்து நாள் இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னொரு விஷயம்," என்றான். "பழைய நூத்து எண்பத்தேழுல ஒண்ணு தணிகாசலம் சாரோட நம்பர். அதனாலதான் இயந்திரத்துக்குச் சந்தேகமே வரல. சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கிட்டார்னு எடுத்துக்கிச்சு."

நான் யுவராணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பாவம் மனுஷன், ஊரோடு சேர்ந்து படிக்காமலே தனக்கு எதிராகத் தானே கும்பிட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே உட்கார்ந்து புதுச் செய்தியை எழுதினேன். உண்மை எனக்குத் தெரியாமலில்லை. அதைத்தான் இத்தனை வருடம் சொல்ல வாய் வரவில்லை. குடும்பத்தை மேட்டுத் தெருக் கல்யாண மண்டபத்தில் விட்டுவிட்டு, தணிகாசலம் பின்பக்கச் சுவரேறி உள்ளே திரும்பி வந்திருக்கிறார். எஃப் பிளாக் மொட்டை மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை ரம்பத்தால் பாதியாக அறுத்து, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்த பிளாக்கில் நிறைமாதமாக இருந்த ஜரினாவை அதில் உட்கார வைத்து, மார்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே மூன்று கிலோமீட்டர் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அங்கேயே அவருக்கும் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் திரும்பி வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. நான் மட்டும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். எதையும் நேரில் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஜரினாவும் இருந்தாள், குழந்தையும் இருந்தது. ஆஸ்பத்திரி மதிலோரம் பாதித் தொட்டி, வெள்ளை பெயின்ட்டில் 'எஃப்' என்று எழுதியது, சாய்த்து வைத்திருந்தது.

திரும்பி வந்து குழுவைத் திறந்தேன். என் செய்திக்குக் கீழே கும்பிடு கும்பிடாக நிற்கிறது. அதுவரை நான் எதைப் போட்டாலும் ஏழு, எட்டு விழும். நூற்று எண்பத்தேழு கும்பிடு எனக்கு வாழ்க்கையிலேயே விழுந்தது அன்றைக்குத்தான். நாளைக்கு எழுதலாம் என்று மூடிவைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. குடியிருப்புச் சங்கம் அவரிடமிருந்து மோட்டார் ரூம் சாவியை வாங்கிக்கொண்டது. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். குழுவிலிருந்து மட்டும் அவரை யாரும் நீக்கவில்லை. விலகினால் மரியாதையில்லை என்று அவரும் விலகவில்லை.

இதையெல்லாம், என் பஸ் பிரயாணம் உட்பட, ஒன்று விடாமல் எழுதிப் போட்டேன். கும்பிடு எத்தனை விழுந்தது? முதல் நாள் பதினெட்டு. உண்மைக்கு அவ்வளவுதான் மவுசு. குழுவில் மீதி இருப்பதே தொண்ணூற்று நான்கு பேர். அதில் பாதிப் பேருக்குக் கண்புரை.

பிறகு எனக்குத் தெரிந்த தொழிலை ஆரம்பித்தேன். லிஃப்டில் ஏறி முப்பத்து நான்காவது மாடியிலிருந்து கீழே இறங்கினேன், வீடு வீடாக. "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளிய விடாதீங்க" என்று தொடங்கினால் எந்தக் கதவும் மூடாது. இந்தக் கோபுரத்தில் முக்கால்வாசிப் பேர் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அஞ்சுகம் நகரைக் கண்ணாடியில்கூடப் பார்க்காதவர்கள். அவர்களையெல்லாம் குழுவில் சேர்த்தேன். "இதுல இருக்கறவங்களாம் தாத்தா பாட்டிங்கதானே?" என்று இருபத்திரண்டாவது மாடிப் பெண் கேட்டாள். "ஆமாம், ஆனா லிஃப்ட் ரிப்பேர்னா முதல்ல இங்கதான் தெரியும்" என்றேன். சேர்ந்துவிட்டாள். சேர்ந்தவர்கள் புது இடத்தில் மரியாதையாக இருக்க வேண்டுமே என்று ஒரு கும்பிடு போட்டார்கள். எதற்குப் போடுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

இருபத்தேழாவது மாடியில் ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர், நான்காம் நாள் என்னைப் பூங்காவில் நிறுத்தி, "அந்தத் தொட்டி மேட்டர் தெரியுமாம்மா? நான் கண்ணால பார்த்தேன்" என்று என்னிடமே சொன்னார். தொட்டியில் ஓர் ஆடும் இருந்ததாம். அதைக் குழுவிலும் எழுதிவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பொய்யைப் பார்க்காத நூற்று எண்பத்தேழு பேர் அதை வரலாறாக்கினார்கள். உண்மையைப் பார்க்காத நூற்று எண்பத்தெட்டுப் பேரை நான் திரட்டிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று ஆல்வினிடம் கேட்டேன். "பார்க்கலாம் மேடம்" என்றான்.

போகி அன்று காலை பதினொரு மணிக்கு எண்ணிக்கை நூற்று எண்பத்தேழில் வந்து நின்றது. சரிசமம். சமம் போதாது. நான் ஏறி இறங்காத வீடு இல்லை. வாட்ச்மேனும் போட்டாயிற்று, பூக்காரியும் போட்டாயிற்று, ஆல்வின் மட்டும் அரசாங்க வேலை, போடக்கூடாது. யுவராணி? அவள் சின்னவளாக இருந்தபோதே குடியிருப்பைவிட்டுப் போனவள். அவளை முதல் நாளே சேர்த்து, போடவும் வைத்துவிட்டேன்.

நினைவகத்தின் வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கோ பழைய பாய் எரியும் வாசனை. பதினொன்றரைக்கு அவள் பையைத் திறந்து ஒரு பழைய போனை எடுத்தாள். ஓரம் உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"அப்பா நம்பர் ஆன்ட்டி. அவரு போய் எட்டு வருஷம் ஆகுது. நான் இன்னும் கட் பண்ணல. குரூப்புல இன்னும் இருக்காரு."

"அடிப்பாவி, இதை வெச்சுக்கினா இத்தனை நாள் சும்மா இருந்த? அவரு போட்டா செல்லுமா?"

"செல்லும்னு ஆல்வின் சார் சொன்னாரு. பழைய செய்திக்குக் கும்பிட்டவங்களும் இதுக்கு இன்னொரு தபா கும்பிடலாமாம்." அவள் போனைத் திறக்கவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆனா எனக்குத் தொடவே பயமா இருக்கு."

"ஏன்?"

"அப்பாவுக்குப் படிக்க வராது ஆன்ட்டி. நான்தான் குரூப்புல வர்றதெல்லாம் படிச்சுக் காட்டுவேன். படிச்சு முடிச்சதும், 'எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுடு கண்ணு'ன்னுவாரு. ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னிக்கு போனைத் தொறந்தேன். உங்க செய்தி இருந்துச்சு. எனக்கு எட்டு வயசு. 'இன்னா எழுதியிருக்காங்க?'ன்னாரு. எப்படிப் படிப்பேன்? 'தண்ணி லாரி வருதாம்பா'ன்னேன். 'சரி, கும்பிடு போடு'ன்னாரு." போனின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டாள். "நான்தான் போட்டேன். எங்க அப்பாவை ஒத்துக்க வெச்சது நான்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

என்னிடம் போய் இதைச் சொன்னாளே என்று ஒரு கணம் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எட்டு வயதில் ஒரு கும்பிடு போட்டாள். நான் முப்பத்து நான்கு வயதில் நூற்று எண்பத்தேழை வாங்கி வைத்துக்கொண்டேன். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

"மணி ஆகுது," என்றேன். "தொற."

யுவராணி போனைத் திறந்தாள். விரல் கும்பிடுவரை போயிற்று. நின்றது. மேலே தள்ளி என் செய்தியின் ஆரம்பத்துக்கு வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். மண்டபத்தையும் படித்தாள், சுவரையும் படித்தாள். 'மார்பளவுத் தண்ணீரில்' என்ற இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் படித்தாள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல, வரிக்கு வரி ஓரமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது படித்து முடித்தாள்.

"அவ்ளோதாம்பா," என்று சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டாள்.

அந்த நூற்று எண்பத்தெட்டில் செய்தியை முழுசாகப் படித்துவிட்டு விழுந்த கும்பிடு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் போனால் பார்க்கலாம். மழை நாள், காலை பதினொரு மணி. கேட்டைத் தாண்டிப் போகிறவர் அரை மணியில் பின்சுவரேறித் திரும்பி வருவார். வாத்து நடைதான், அதை மாற்ற முடியவில்லை. தொட்டியில் ஜரினாவோடு ஓர் ஆடும் இருக்கும்; அது இருபத்தேழாவது மாடிக்காரர் உபயம், கண்டுகொள்ளாதீர்கள். இரு பக்கமும் வெள்ளத்துக்கு மேலே ரோஜாக்கள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். சி பிளாக் மூன்றாவது மாடி பால்கனியை மட்டும் நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஒருத்தி கையில் போனோடு நிற்பாள். அவளை எடுத்துவிடலாமா என்று ஆல்வின் கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

யுவராணி சொன்னதை இந்தக் கோபுரத்தில் இன்றுவரை ஒரு ஆளிடமும் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னது, நீங்கள் எங்கள் குழுவில் இல்லை என்பதால்தான்.